ஈயக்குண்டும் உன் வீட்டுக்காரர் குரலும்

என் மகன் ஆசையாக ஒரு ரெக்கார்டு பிளேயர் வாங்கி வந்து, காலையிலிருந்து அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறான். "இதோட கை கனமா இருக்கும்மா, ஊசி வெச்ச இந்த கார்ட்ரிட்ஜ் அதுக்கு ஒத்துவரல" என்றான். எனக்குச் சிரிப்பு வந்தது. உடனே உன் ஞாபகம் வந்ததுடி.

உன் வீட்டுக்காரர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக அல்ஜீரியாவில் இருந்த சமயம். தன் குரலைச் சின்னத் தட்டொன்றில் பதித்து உனக்கு அனுப்பியிருந்தார். பூசை முடிந்த கையோடு அதை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு ஓடி வந்தாய். எங்களிடம் இருந்தது மாமனார் காலத்துப் பிளேயர். ஊசியைத் தாங்கும் கை உலக்கை கனம். ஆசை அடங்காமல் திரும்பத் திரும்பக் கேட்டோம். சாயங்காலம் ஊசி முனையில் கருந்தூள் சுருண்டிருந்தது, அவர் குரலில் இரைச்சல் ஏறியிருந்தது.

"அவரு தேஞ்சி போறாருடி" என்றாய். அதற்குப் பிறகு தட்டைத் தொடவே விடவில்லை.

மதராஸிலிருந்து மெல்லிய ஊசி வைத்த கார்ட்ரிட்ஜ் வரவழைத்தோம். அந்தக் கையில் மாட்டினால் ஊசி பாரம் தாங்காமல் அமுங்கியது. நான் பெரிய மேதாவியாக, வைத்திக்குப்பத்தில் வலைக்குக் கட்டும் ஈயக்குண்டு வாங்கி வந்து கையின் வால்பக்கம் கட்டினேன். முன்பக்கம் லேசாகிப்போய் ஊசி தட்டில் நிற்காமல் குதித்தது.

"மீனா புடிக்கப் போற? குடு இப்படி" என்று பிடுங்கி, கத்தியால் ஈயத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சீவினாய். சோதனையெல்லாம் என் மாமியாரின் பாட்டுத் தட்டுகளில்தான். அவர் திட்டியதற்கு நாம் அசரவில்லை.

கடைசியில் கையும் ஊசியும் ஒத்துப்போயின. தூள் இல்லை, குதிப்பு இல்லை. அப்புறம்தான் அவர் தட்டை வைத்தாய். "சாப்ட்டியா?" என்று கேட்டார். "சாப்ட்டேன், நீங்க?" என்று தட்டைப் பார்த்துச் சொன்னாய். நான் அடுப்பைப் பார்க்கிற சாக்கில் உள்ளே போய்விட்டேன்.

அவர் நல்லபடியாகத் திரும்பி வந்தார். அவரோடு நீ பிரான்சுக்குக் கப்பலேறினாய். அங்கேயே கண்ணை மூடியும் விட்டாய்.

அவர் குரலுக்காக அத்தனை பாடுபட்டோமே, உன் குரலை எதிலாவது பதித்து வைக்கலாம் என்று நம் இருவருக்கும் தோன்றவே இல்லை. இப்போது அது என் காதில் மட்டும்தான் இருக்கிறது. தேய்ந்துவிடுமோ என்று பயந்து அடிக்கடி நினைக்காமல் இருக்கப் பார்க்கிறேன். முடியவில்லை, தினமும் கேட்கிறேன்டி.