ஒன்பதாம் வீட்டுக்கு எந்த பில்டர்

செவ்வாய்க் கிரகம், கிழக்கு வரிசை, ஒன்பதாம் வீடு
புயல், முதல் நாள். காலை 7.10

எழுதுவது செல்லக்கிளி. இந்த வரிசையில் இருக்கிற பத்து வீட்டுக்கும் காற்றுப்பெட்டி பார்த்துக்கொள்வது என் வேலை. தூசி வடிகட்டுகிற பில்டர் மாற்றுவேன், விசிறி துடைப்பேன், யார் வீட்டில் என்ன குழம்பு என்று மோப்பம் பிடித்துச் சொல்லுவேன். கடைசி வேலைக்குச் சம்பளம் கிடையாது.

பெட்டி ஓடுகிறது. பகலில் குளிர், சாயங்காலம் சூடு, இரண்டும் அதே பெட்டிதான். பில்டரைக் கழற்றி விளக்குக்கு நேரே பிடித்தேன், வெளிச்சம் தெரிந்தது. இன்னும் தாங்கும்.

மண் புயல் வருகிறதென்று நேற்று எல்லாரும் வண்டியேறி மூலத்தளம் போய்விட்டார்கள். இங்கே மிச்சம் இரண்டே பேர். நான் ஒன்று. இன்னொன்று என் சம்பந்தியம்மா உலகம்மை, என் மகள் வதனியின் மாமியார். நுரையீரலில் சளி கட்டி இப்போதுதான் தேறி வருகிறார்கள், வண்டிக் குலுக்கல் ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். உள்ளறையில் படுக்கை. கதவு திறந்தால் தூசி போகும் என்பதால் பேச்செல்லாம் சுவர் ஒலிபெருக்கியில்தான். காலையில் வந்த முதல் செய்தி:

"சம்பந்தி, உப்புமாவுல உப்பு இல்ல."

"பேருலயே இருக்கே, அது போதாதா?"

"உங்க மக கல்யாணத்துலயும் என் இலைக்கு அப்பளம் வரல."

ஆள் தேறிவிட்டார்கள் என்று குறித்துக்கொண்டேன்.


முதல் நாள். மதியம் 1.35

ஊருக்குப் பொதுவான காற்று நிலையம் வெளிக்காற்றை இழுத்து, தூசி தட்டி, மூச்சு விடுகிற பதத்துக்கு மாற்றிக் குழாயில் அனுப்பும். அதில் தூசி தட்டுகிற பாகம் நின்றுவிட்டது. காற்று வருகிறது, கூடவே மண்ணும் வருகிறது. சலித்த மைதா மாதிரி, சிவப்பாக. முன்கூடத்துக் குழாய் வழியாக வந்து, என் பெட்டிக்குள் புகுந்து, உள்ளறைக்குப் போகப் பார்க்கிறது. நடுவில் நிற்பது பில்டர் ஒன்றுதான்.

கையில் மூன்று ரகம். ஐந்தாம் நம்பர், ஓட்டை பெரிசு. எட்டாம் நம்பர், தினப்படிக்கு. பதிமூன்றாம் நம்பர், ரொம்பப் பொடி ஓட்டை, கொசு தும்மினாலும் நிறுத்தும். எட்டைப் போட்டுப் பார்த்தேன். அதன் பின்பக்கமும் சிவந்துவிட்டது. எட்டு போதாது.

சம்பந்திக்கு மட்டமானதைப் போட முடியுமா? பதிமூன்றைப் போட்டேன். பில்டர் சட்டத்தில் இருக்கிற அம்புக்குறி விசிறியைப் பார்க்கிற மாதிரி வைத்து, ஓரத்துக்கு ஒட்டுப்பட்டி போட்டு, ஒலிபெருக்கியில் பெருமையாகச் சொன்னேன்:

"உங்களுக்குன்னு பதிமூணு போட்டிருக்கேன் சம்பந்தி. இந்த வரிசையில யாருக்கும் போட்டதில்ல."

"பரவால்லையே. இப்பவாவது மரியாதை தெரிஞ்சுதே."


முதல் நாள். மாலை 5.50

மரியாதை குளிர்ந்துபோச்சு.

பெட்டி சூடுக்கு மாறிய கொஞ்ச நேரத்தில் விசிறி முனக ஆரம்பித்தது. உள்ளறைக் காற்று வாயில் கை வைத்திருந்தால் ஒன்றும் வந்திருக்காது. பதிமூன்று தூசியை நிறுத்தியது, காற்றையும் சேர்த்து நிறுத்தியது. காற்று போகாததால் சூடு அப்படியே பெட்டிக்குள் தங்கி, பெட்டி தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அணைந்துவிட்டது. திரும்பப் போட்டேன், திரும்ப அணைந்தது.

"சம்பந்தி, விரல் மரத்துப்போச்சு. உங்க வீட்டு விருந்து நல்லாருக்கு."

பல் தந்தியடிக்கிற சத்தம் எனக்கே கேட்டது. பெரிய நம்பர் வைத்தால் பெரிய மரியாதை என்று நினைத்த என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். பதிமூன்றை உருவிவிட்டு ஐந்தைச் சொருகினேன்.


முதல் நாள். மாலை 6.40

சூடு வந்தது. மண்ணும் வந்தது. அவர்கள் இருமுகிற இருமலில் ஒலிபெருக்கி அதிர்கிறது. "நல்லாத்தான்" என்றார்கள், அப்புறம் பேச்சு வரவில்லை, இருமல் மட்டும். அந்தம்மா வாயடைத்துப்போய் நான் பார்த்ததே இல்லை. எனக்கு அதுதான் பயம்.

எட்டைத் திரும்ப வைத்திருக்கிறேன். இரண்டுங்கெட்டான். சூடும் பாதி, மண்ணும் பாதி.


இரண்டாம் நாள். காலை 8.05

மூலத்தளத்திலிருந்து ஆனி மேடம். நல்ல மனுஷி, குரலே உடைந்திருந்தது.

"செல்லக்கிளி அம்மா, புயல் அடங்காம வண்டி அனுப்ப வழியில்ல. ஏழாம் வீட்டுல அவசர அறை இருக்கு. சிலிண்டர் காற்று ஒருத்தருக்குத்தான் வரும். நீங்க உடுப்பு மாட்டிக்கிட்டு, வெளியில கட்டியிருக்கிற கயிறைப் பிடிச்சுப் போயிடுங்க."

"சம்பந்தி?"

"அவங்களால உடுப்புக்குள்ள மூச்சு விட முடியாது. உங்களுக்கே தெரியும். இது உத்தரவுன்னு வச்சுக்கங்க. பழி என் தலையில இருக்கட்டும்."

"மேடம், உங்க தலை ஏற்கெனவே கனமா இருக்கும். இதையும் எதுக்கு ஏத்தணும்? நான் போகல."

மேடத்துக்குப் பின்னால் வதனி நின்றது தெரியும். அவள் மூச்சு எனக்குத் தெரியாதா? பக்கத்தில் புருஷன் இருக்கும்போது, உன் அம்மா சாகட்டும், என் அம்மா பிழைக்கட்டும் என்று எப்படிச் சொல்லுவாள்? மூச்சு மட்டும் விட்டுக்கொண்டிருந்தாள்.

உள்ளறையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது.

"சம்பந்தி, போயிடுங்க. நான் சொல்றேன்."

"உங்க பேச்சைக் கேட்க நான் என்ன உங்க மருமகளா? பேசாம படுங்க."


இரண்டாம் நாள். காலை 9.20

திரும்பவும் ஒலி. மாப்பிள்ளை திருமாறன்.

"அத்தை, மேடம்தான் பேசச் சொன்னாங்க. ஏழாம் வீட்டுக்குப் போகலைன்னா இதைக் கேளுங்க. பதிமூணு மேல தப்பில்ல. பெட்டியோட வாய்தான் சின்னது. ஒரு பில்டர் வழியா இழுத்தா மூச்சு முட்டும். நாலு பில்டரை நாலு சுவரா நிறுத்தி, கூடு மாதிரி கட்டி, கூட்டோட மேல்பக்கத்தைப் பெட்டி வாயில பொருத்துங்க. அதே விசிறி, ஆனா நாலு பக்கமும் இழுக்கும். ஒவ்வொண்ணு மேலயும் பாரம் கம்மி."

"கல்யாணமாகி இத்தனை வருஷத்துல நீங்க சொன்ன உருப்படியான சங்கதி இது ஒண்ணுதான் மாப்பிள்ளை."

அவர் சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை. "ஆனா கூடு சீக்கிரம் அடைச்சுக்கும் அத்தை. யாராவது முன்கூடத்துல நின்னு தட்டிக்கிட்டே இருக்கணும். அங்கதான் மண்ணெல்லாம் வரும்."

"யாராவதா? இங்க என்ன ஊரே திரண்டு நிக்குதா?"


இரண்டாம் நாள். பகல் 11.45

கட்டிவிட்டேன். பதிமூன்றாம் நம்பர் ஒரு அட்டைப்பெட்டி பிரிக்காமலே கிடந்தது, எந்தப் பெட்டியும் இழுக்காது என்று யாரும் தொடுவதில்லை. நாலு எடுத்தேன். நாலு அம்புக்குறியும் கூட்டுக்கு உள்ளே பார்க்கிற மாதிரி. அடியில் சோற்றுப் பானை மூடி ஒன்று வைத்துப் பார்த்தேன், அளவு சரியாக வரவில்லை, சாப்பாட்டு மேசையின் பலகையைக் கழற்றி வைத்தேன். சந்தெல்லாம் வெள்ளிப் பட்டி. பார்க்கக் கோழிக்கூடு மாதிரி இருக்கிறது. கோழி உள்ளறையில் இருக்கிறது.

பொத்தானை அமுக்கினேன். விசிறி முனகவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து: "சம்பந்தி, சூடா வருது. மண் வாசனை கூட இல்ல." இருமல் இரண்டே தடவை.

நான் தரையில் உட்கார்ந்து அழுதேன். ஒலிபெருக்கியை அணைத்துவிட்டுத்தான்.


இரண்டாம் நாள். மாலை 4.30

வேலை இப்படி. விசிறியை நிறுத்து, கரண்டிக் காம்பால் ஒவ்வொரு பில்டரின் சட்டத்தையும் தட்டு, மண் கொட்டும், விசிறியைப் போடு. தவறினால் சூடு அணையும். தட்டுகிற மண் என் மேல்தான் விழுகிறது. என் முகமூடிக்குள் போடுகிற வடிகட்டி வில்லைகள் கையிருப்பு குறைகிறது. கூடத்தில் குழாய்க் காற்று அப்படியே வருகிறது, எனக்குப் பில்டர் கிடையாது, உடுப்புக் காற்றும் ஏழாம் வீடு போகிற அளவுக்குத்தான். முழுச் சிவப்பாக இருக்கிறேன். மஞ்சள் நீராட்டுக்கு வந்த மாதிரி, நிறம்தான் வேறு.

ஆனி மேடம் இன்னொரு தரம் கேட்டார். கயிறு இன்னும் இருக்கிறதாம், இதுதான் கடைசி வாய்ப்பாம்.

"மேடம், நான் போனா இதை யார் தட்டுவா?"

கடைசியில், "உத்தரவை ரத்து பண்ணிட்டேன்னு எழுதிக்கறேன்" என்றார். நன்றி சொன்னேன்.

அப்புறம் வதனி.

"அம்மா."

"சொல்லு."

"ஒண்ணுமில்லம்மா. தட்டு."

என் மகள்.


மூன்றாம் நாள். காலை 6.15

வில்லை தீர்ந்தது. ஈரத் துணி கட்டியிருக்கிறேன். நெஞ்சுக்குள் யாரோ அம்மி அரைக்கிறார்கள்.

செவ்வாயே, கேட்டுக்கொள். உன்னிடம் மண் நிறைய இருக்கலாம். என்னிடம் கரண்டி இருக்கிறது. பார்த்துவிடலாம்.

"சம்பந்தி, தட்டுற சத்தம் மெதுவாயிடுச்சே."

"ராகம் மாத்துறேன்."

"பொய் சொல்லாதீங்க. கதவைத் திறக்குறேன், உள்ள வாங்க."

"கதவைத் தொட்டீங்கன்னா சம்பந்தம் முறிஞ்சுது. கூடு அடைச்சுதுன்னா ரெண்டு பேரும் சேர்ந்து விறைக்கணும். நீங்க விறைச்ச முகத்தோட எத்தனை கல்யாணத்துக்கு வந்திருக்கீங்க, அது போதும்."

சிரித்தார்கள். இருமாமல் சிரித்தார்கள். அதைக் கேட்க இந்த மண்ணெல்லாம் தின்னலாம்.


மூன்றாம் நாள். காலை 10.50

வண்டி கிளம்பிவிட்டதாம். சாயங்காலம் வருமாம்.

நிற்க முடியவில்லை. உட்கார்ந்தே தட்டுகிறேன். கூட்டின் மேல்பாதி எட்டவில்லை. கீழ்ப்பாதி போதும், போதும் என்று விசிறி சொல்கிறது.

கூடத்துக் குளிரில் விரலில் உணர்வு இல்லாததால் கரண்டியை மணிக்கட்டோடு பட்டி போட்டுக் கட்டிவிட்டேன். இனி விழுந்தாலும் என்னோடுதான் விழும்.


மூன்றாம் நாள். பகல் 2

சம்பந்தி பாடுகிறார்கள். நான் தட்டுகிறதுக்குத் தாளமாம். சுருதியே சேரவில்லை. சொன்னேனா சொல்லவில்லையா தெரியவில்லை

தட்டினேன்

உள்ளே சூடு சரி. உள்ளே தூசி இல்லை. அவர்கள் மூச்சு சரி

ஐந்து வேண்டாம். எட்டு போதாது. பதிமூன்று, நாலு சுவராக. இதை எல்லா வீட்டுக்கும் எழுதி ஒட்டுங்கள்


மூன்றாம் நாள்

கதவு திறந்து வருகிறவருக்கு

என்னைப் புரட்டிப் பார்த்துக்கொண்டு நிற்காதே. உள்ளே ஆள் இருக்கிறது

முதலில் இடப்பக்க பில்டரைத் தட்டு. அது அடைத்திருக்கும். அப்புறம் மற்ற மூன்றும்

கரண்டி என் கையில் கட்டியிருக்கிறது. அவிழ்க்க நேரமில்லை என்றால் கையோடு சேர்த்துத் தூக்கித் தட்டு. எனக்கு வலிக்காது