பூலாங்கொம்புக்குப் போன பாய்மரம்

சேசு மரி சூசை துணை

வத்தலக்குண்டு,
9-11-1976

மருமகள் விக்டோரியாவுக்கு மாமன் வளன் மச்சாது எழுதுவது.

தூத்துக்குடியிலிருந்து இதுவரை மரத்துக்கு ஒரு கீறல் இல்லை. எனக்கு இடுப்பு வலி, அது கிடக்கட்டும். கீழே எழுதுவதை உன் புருஷனிடம் படித்துக் காட்டு. என்னைக் கேட்காமல் தோணியை உடைக்கக் கொடுத்த நாளிலிருந்து அவனோடு எனக்குப் பேச்சில்லை. ஒரே வீட்டில் இரண்டு பேருக்கும் நடுவில் நின்று நீதான் பேச்சைச் சுமந்தாய். "அவரைச் சாப்பிடச் சொல்லு", "அவனைக் கதவைச் சாத்தச் சொல்லு" என்று எத்தனை மாதம்! இனி கொஞ்ச நாளைக்கு அந்தச் சுமையைத் தபால்காரர் தூக்கட்டும்.

பாஸ்கலிடம் சொல். புதுத் துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் விஞ்ச் ஓட்டப் போனது அவன் இஷ்டம். தோணி ஓட்டும் தண்டலின் மகனும் தண்டலாகத்தான் இருக்க வேண்டும் என்று நான் ஒருநாளும் சொல்லவில்லை. ஆனால் என் தோணி என் தோணி. அதில் மிஞ்சியது இந்தப் பெரிய பாய்மரமும் தோட்டத்தில் கிடக்கிற சின்னதும்தான். பெரியதை மலைமேல் இருக்கிற பூலாங்கொம்புக் கோயிலுக்குக் கொடிமரமாகத் தருகிறேன் என்று பவுல் சாமியாருக்கு வாக்குக் கொடுத்துவிட்டு வந்தான். லாரி வாசலில் வந்து நின்ற பிறகுதான் எனக்குத் தெரியும். அதனால்தான் நானும் ஏறி உட்கார்ந்தேன். வயசான காலத்தில் எதற்கு என்று நீ அழுதாய். இதற்குத்தான்: மரத்தை யாரும் வெட்டக்கூடாது. போன இடத்தில் அது நிமிர்ந்து நிற்க வேண்டும். நிற்பதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் நான் திரும்புவேன். நிறுத்த முடியாது என்றால் மரத்தோடு திரும்புவேன். இதில் மாற்றமில்லை.

வழியெல்லாம் மழை. மரத்தின் தலை டிரைவர் கூரைக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கிறது, வால் பின்னால் தொங்குகிறது. வாலில் உன் பழைய சிவப்புச் சேலைக் கிழிசலைக் கட்டியிருக்கிறோம். மதுரையில் போலீஸ்காரர் நிறுத்தி, இது என்ன என்றார். பாய்மரம் என்றேன். கடல் எங்கே இருக்கிறது என்று கேட்டுச் சிரித்தார். டிரைவர் பெருமாளும் சேர்ந்து சிரித்தான். அவன் முழுப்பெயர் சிவனணைந்தபெருமாள், குலசேகரன்பட்டினத்துக்காரன், வாய் அதிகம். "அண்ணாச்சி, நீங்க மரத்துக்குக் காவலா, மரம் உங்களுக்குக் காவலா?" என்கிறான்.

மலைமேல் மண் சரிந்திருக்கிறதாம். பாதை திறக்கும் வரை லாரியை விடமாட்டார்கள். காற்று திரும்பும் வரை நங்கூரம் போட்டுக் கிடப்பது எனக்குப் புதிதல்ல. ஆனால் அங்கே செய்ய நூறு வேலை இருக்கும். இங்கே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து மழையைப் பார்ப்பதைத் தவிர ஒன்றுமில்லை. நாலு தரம் எழுந்துபோய் மரத்தின் கயிற்றை இழுத்துக் கட்டிவிட்டேன். கடைக்காரர், "பெரியவரே, கயிறு அறுந்துபோகும்" என்கிறார்.

எனக்கு யாரும் எழுத்துச் சொல்லிக்கொடுத்ததில்லை. நானாகப் படித்ததுதான். பிழை இருந்தால் உன் புருஷன் சிரிக்க வேண்டாம், திருத்தி வாசிக்கட்டும்.

உன் மாமன்,
வளன்


சேசு மரி சூசை துணை

பண்ணைக்காடு,
11-11-1976

விக்டோரியாவுக்கு,

போன கடிதம் கிடைத்திருக்கும். அவன் கேட்டானா, கேட்காமல் எழுந்து போனானா என்று எழுத உனக்கு வழியில்லை. நாளைக்கு நான் நிற்கிற இடம் எனக்கே தெரியாது.

முதலில் ஒரு விஷயம். மலைப்பாதையில் நான் வாந்தி எடுத்தேன் என்று பெருமாள் ஊரெல்லாம் சொல்வான். உண்மைதான். கொழும்புக்கும் கொச்சிக்கும் போனபோது வராத வாந்தி இந்த வளைவுகளில் வந்தது. கடல் ஆடினால் ஒழுங்காக ஆடும். இது பாதையா?

அதற்கும் மேலே ஒரு கொண்டை ஊசி வளைவில் லாரி மாட்டிக்கொண்டது. முன்னால் போனால் மரத்தின் தலை மலைப்பாறையில் முட்டுகிறது, பின்னால் வந்தால் வால் பள்ளத்துக்கு மேலே போகிறது. பின்னால் ஒரு பஸ் வந்து நின்றது. உள்ளே ஒரு கல்யாணக் கூட்டம். மழையில் இறங்கி வந்து என்னைத் திட்டினார்கள். மாப்பிள்ளையின் தாய்மாமனாம், எங்கிருந்தோ ஒரு ரம்பத்தைக் கொண்டுவந்தார். "ரெண்டு முழம் அறுத்தா வண்டி திரும்பிரும். அதுக்கு ஏன்யா இம்புட்டு வீம்பு?" என்றார். நான் மரத்தின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டேன். அறுப்பதென்றால் என்னையும் சேர்த்து அறுங்கள் என்றேன். பெருமாள் தலையில் கை வைத்துக்கொண்டு, "யம்மா, இந்த அண்ணாச்சி கூட வந்தேன் பாரு" என்றான்.

கடைசியில் மணப்பெண்ணே சன்னல் வழியாகத் தலையை நீட்டி, "ஏன் மாமா பெரியவரோட மல்லுக்கட்டுறீக? தூக்கி விடுங்க, முகூர்த்தம் போயிரும்" என்று சத்தம் போட்டாள். அதற்குப் பிறகு அத்தனை ஆண்களும் வாலைத் தோளில் ஏந்தி, அடி அடியாக நகர்த்திக்கொடுத்தார்கள். பட்டு வேட்டியெல்லாம் சேறு. வளைவு தாண்டியதும் அந்தத் தாய்மாமன் எனக்கு ஒரு தாம்பூலப் பையைக் கொடுத்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார். அவரும் என் ஜாதிதான் போலிருக்கிறது. வீம்பைச் சொல்கிறேன்.

இன்னும் வளைவுகள் இருக்கின்றனவாம். பாஸ்கலிடம் சொல், மரம் முழுசாக இருக்கிறது. வேறு ஒன்றும் சொல்ல வேண்டாம்.

மாமன்


சேசு மரி சூசை துணை

பூலாங்கொம்பு,
15-11-1976

பாஸ்கல்,

விக்டோரியாவுக்கு எழுதி, அவள் உன்னிடம் சொல்லி, அதற்கெல்லாம் நேரமில்லை. பெருமாள் கீழே இறங்க வண்டியைக் கிளப்பி வைத்திருக்கிறான். அதனால் நேராக எழுதுகிறேன். இதற்கு வேறு அர்த்தம் எடுத்துக்கொள்ளாதே.

ஊர் வந்து சேர்ந்தோம். கூரைக் கோயில், நாற்பது வீடு, சுற்றிலும் படிப்படியாக நெல்வயல். மலைமேல் இவ்வளவு நெல்லை நான் எதிர்பார்க்கவில்லை. பவுல் சாமியார் நல்ல பிள்ளை. நம் கடற்கரைப் பெரியதாழைப் பையன், என்னை மாமா என்கிறார். ஊர்த்தலைவர் காசிலிங்கம் கிறிஸ்தவர் இல்லை. ஆனால் கொடியேற்றுக்கு அவர்தான் பந்தல் போடுவாராம். மரத்தைத் தட்டிப் பார்த்து, "இது மலைப் புன்னையில்ல? எங்க மரத்தை எங்களுக்கே தானம் குடுக்க இம்புட்டு தூரம் வந்தீகளா?" என்று சிரித்தார். எனக்குப் பிடிக்கவில்லை.

நாங்கள் வருவதற்கு முந்தின நாள் ஓடையில் வெள்ளம் வந்து பாலத்தை அடித்துக்கொண்டு போயிருக்கிறது. அறுத்த நெல் முழுக்க அந்தக் கரையில், கட்டுக் கட்டாக ஈரத்தில் கிடக்கிறது. ஊரின் ஒரு வருஷச் சோறு அது. காட்டில் மரம் வெட்டிப் பாலம் போடலாம் என்றால் பாரஸ்ட்காரர்கள் ஆளைப் பிடித்துக்கொண்டு போவார்களாம். அதனால் எல்லோர் கண்ணும் நம் மரத்தின் மேல்.

பகவதி என்று ஒரு பெண்பிள்ளை. புருஷன் இல்லை, தனியாக விவசாயம் பார்க்கிறாள். அவள்தான் முன்னால் வந்து கேட்டாள். "பெரியவரே, அந்த மரத்தைக் குடுங்க. கொடியை அடுத்த வருசம் ஏத்திக்கலாம். நெல்லு அடுத்த வருசம் வரைக்கும் காத்துக் கெடக்காது."

அது கொடிமரம், காலால் மிதிக்கிற மரமில்லை என்றேன்.

"கடல்ல நீங்க அதும் மேல ஏறுனப்ப கையாலயா ஏறுனீக? கால் படலையா?" என்றாள்.

 எனக்குக் கோபம் வந்தது. முடியாது என்று சொல்லிவிட்டுக் கோயிலுக்குள் போய் உட்கார்ந்தேன். சாமியார் பின்னாலேயே வந்தார். "மாமா, மரத்தைக் குடுத்தது பாஸ்கல். ஆனா நீங்க சரின்னு சொல்லாம நான் தொடமாட்டேன். நீங்க சொல்லுங்க" என்றார். இதை இரண்டு தரம் படி. உன்னைவிட இளையவர், எனக்கு உறவும் இல்லை. அவர் கேட்டார்.

நான் சரி என்று சொல்லவில்லை.

மறுநாள் காலையில் ஓடைக்குப் போனேன். உருண்டை மரம் ஒன்றைக் குறுக்கே போட்டால் யாரும் சுமையோடு நடக்க முடியாது என்று காட்டத்தான் போனேன். அங்கே பகவதி இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கிக்கொண்டிருந்தாள். கயிற்றை ஆட்டுக்குட்டியைக் கட்டுவதுபோல் கட்டியிருந்தார்கள். அவிழ்த்து நான் முடிச்சுப் போட்டேன். கயிற்றின் மறுமுனையையும் நானே பிடித்துக்கொண்டேன். ஒரு கட்டு நெல்லைத் தலையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டாள். இரண்டாவது கட்டோடு வரும்போது கால் வழுக்கியது. கட்டு போய்விட்டது. அவளும் போயிருப்பாள். அந்தப் பாரம் என் கையில் இழுத்தது. மூன்று பேராகச் சேர்ந்து கரையில் போட்டோம்.

வாயில் போன தண்ணீரைத் துப்பிவிட்டு அவள் ஓடையைத் திட்டவில்லை, என்னைத் திட்டினாள். முதலில் கொண்டுவந்த கட்டைப் பிரித்து என் மூக்குக்கு நேரே நீட்டினாள். கதிரிலேயே நெல் வெள்ளை வெள்ளையாக முளைத்திருந்தது. "நல்லாப் பாத்துக்கங்க. இன்னும் ரெண்டு நாளு இப்படியே நில்லுங்க. எல்லாம் நாத்தாயிரும், உங்க கொடியைச் சுத்தி நட்டுக்கலாம்" என்றாள்.

ஒற்றை மரம் உருளும். ஓடை குறுகின இடத்தில் இரண்டு துண்டைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டு வரிந்து கட்டினால்தான் தலைச்சுமையோடு ஆள் நடக்கலாம்.

நான் சம்மதித்தேன் என்று நினைக்காதே. எங்கே அறுப்பது என்று மட்டும் காட்டினேன். விட்டிருந்தால் கணு உள்ள இடத்தில் அறுத்துக் கெடுத்திருப்பார்கள். அறுக்கும்போது நான் அந்தப் பக்கம் திரும்பி நின்றேன் என்று பெருமாள் சொன்னால் நம்பாதே. மழைச்சாரல் முகத்தில் அடித்தது, அதனால் திரும்பினேன்.

அன்றைக்கே நெல் கரையேறத் தொடங்கியது. நான் பாலத்தின் தலைமாட்டில் நின்று ஒவ்வொருவராக வரச்சொல்லிக் கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிட்டது. முளைத்தது போக மிச்சம் தேறும் என்கிறார்கள். வீட்டுக்கு வீடு அடுப்பைச் சுற்றி நெல்லைப் பரப்பிக் காயவைக்கிறார்கள். நான் படுத்திருக்கிற கோயிலுக்குள்ளும் நெல்தான். பகவதி எனக்குச் சுடுகஞ்சி கொடுத்தனுப்பினாள். மன்னிப்புக் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

இப்போது கொடிமரம் இல்லை. இருபத்துநாலாம் தேதி கொடியேற்றம், அதன்பின் சவேரியார் திருநாள். மரம் நிமிர்ந்து நிற்காமல் திரும்புவதில்லை என்று எழுதியிருந்தேன். அந்தச் சொல்லை நான் மாற்றமாட்டேன். ஆகவே இங்கேயே இருக்கிறேன். குளிர் அதிகம், இருமல் இருக்கிறது, பெரிதாக ஒன்றுமில்லை.

நம் தோட்டத்துச் சுவரோரம் தோணியின் சின்னப் பாய்மரம் கிடக்கிறது. அதை நீ யாருக்காவது வாக்குக் கொடுத்திருக்கலாம், எனக்குத் தெரியாது. கொடுக்கவில்லை என்றால் பெருமாள் லாரியில் ஏற்றிக்கொண்டு நீ வர வேண்டும். துறைமுகத்தில் லீவு தருவார்களாமே. வளைவுகளில் முன்பக்கம் உட்கார், வெறும் வயிற்றோடு ஏறாதே, சுக்கை வாயில் அடக்கிக்கொள். சின்ன மரம்தான், லாரி எளிதாகத் திரும்பும். உன் அம்மாவின் கம்பளி பெட்டியில் இருக்கிறது. அதை எனக்கென்று கொண்டுவந்து, வழியில் நீ போர்த்திக்கொள்.

தோணியை நீ உடைத்தது தப்பு. அதை நான் விடமாட்டேன், நேரில் வந்தாலும் சொல்வேன். அன்றைக்கு நீ என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. இன்றைக்கு நான் உன்னைக் கேட்கிறேன், வருவாயா?

மரம் கிடைக்காமல் போனால் அதைச் சாக்காக வைத்து அங்கேயே நின்றுவிடாதே. பெருமாளுக்குப் பக்கத்தில் ஓர் ஆள் உட்கார இடம் இருக்கிறது. லாரியைக் காலியாக அனுப்பாதே.

மாதா உன்னை வழி நெடுகக் காத்துக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

அப்பா