மெஷின் பார்த்தது என்று சொன்னேன், மைனி

என் பேச்சி மைனிக்கு,

நீ போன பிறகு ஒரு மழைக்காலம் முழுசாக முடிந்து அடுத்ததும் வந்துவிட்டது. உன் மகள் காவ்யா காலேஜில் இரண்டாம் வருஷம் போகிறாள். அண்ணன் உன் போனை இன்னும் சார்ஜ் போட்டு வைத்திருக்கிறான். நம் சந்தில் தண்ணீர் விடும் நேரத்தை மறுபடி மாற்றியிருக்கிறார்கள். நீ இருந்திருந்தால் மாற்றியிருப்பார்களா?

இதைத் தனியாக எழுதி உன் படத்துக்கு முன்னால் வைத்திருக்கலாம். ஆனால் உன்னைப் பார்த்துச் சிரித்தவர்கள் ஊரறியச் சிரித்தார்கள். நான் உன்னிடம் சொன்ன பொய் மட்டும் ஏன் வீட்டுக்குள் பத்திரமாக இருக்க வேண்டும்? எல்லோரும் படிக்கட்டும். அவர்களுக்காக முதலிலிருந்து சொல்கிறேன், பொறுத்துக்கொள். இதில் பாதி உனக்குத் தெரிந்தது. மீதிப் பாதியை உன்னிடம் சொல்லாமலே விட்டுவிட்டேன்.

நீ என் அண்ணன் மனைவி. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி தாராவிக்கு வந்த நாளிலிருந்து நீயும் நானும் ஒரே அறையில்தான். உன் வாய்க்கு நம் சந்து முழுக்கப் பயப்படும். உன் இந்திக்கு இந்திக்காரர்களே பயப்படுவார்கள். ஆணா பெண்ணா, ஒருமையா பன்மையா என்றெல்லாம் பார்க்காமல் அடித்து நொறுக்குவாய். ஆனால் சொல்ல வந்ததை ஒருநாளும் சொல்லாமல் விட்டதில்லை.

அன்றைக்கு ரேஷன் கடையில் உனக்கு முன்னால் நின்றது ஜைனப் லாத்தா. லாத்தா என்றால் அவர்கள் வீட்டில் அக்கா. நமக்கும் அப்படியே பழகிவிட்டது. வீடு வீடாகப் பாத்திரம் தேய்த்துத் தேய்த்து லாத்தாவின் விரலில் ரேகையே இல்லை. மெஷினில் வைத்தாள், பொருந்தவில்லை என்றது. துடைத்து வைத்தாள், மறுபடியும் அதே பதில். போன மாதமும் அப்படித்தான் வெறும் பையோடு திரும்பியிருந்தாள். கடைக்காரன் "அகலே மஹினே" என்று அடுத்த மாதத்துக்குத் தள்ளினான்.

அப்போதுதான் நீ முன்னால் போனாய். இந்தப் பொம்பளையை எனக்குத் தெரியும், உனக்குத் தெரியும், வரிசையில் நிற்கிற அத்தனை பேருக்கும் தெரியும், அப்புறம் இல்லை என்று சொல்ல அது யார் என்று உன் இந்தியில் கேட்டாய். "மெஷின் கௌன் ஹோத்தா ஹை ரே?" என்று மேஜையில் ஓங்கி ஒரு அடி அடித்தாய். மெஷின் சாய்ந்து விழுந்தது.

வரிசையில் நின்ற ஒருவன் நாலு நிமிஷம் எடுத்தான். போட்டது எட்டு வினாடி. லாத்தா இல்லை, அவள் விரல் இல்லை, காலிப் பை இல்லை. நீ கத்துவதும், அடிப்பதும், மெஷின் விழுவதும் மட்டும். பின்னால் ஒரு கோமாளி இசை. மேலே "மதராசி ஆன்ட்டியும் டெக்னாலஜியும்" என்று எழுத்து.

ஒரே வாரத்தில் நீ ஸ்டிக்கர் ஆகிவிட்டாய். லிஃப்ட் வேலை செய்யாத முலுண்ட் அடுக்குமாடியில் இருந்து சிக்னல் கோளாறில் நின்ற ரயில் வரைக்கும் எல்லா குரூப்பிலும் உன் முகம். முதலில் நீயும் சிரித்தாய், மைனி. "ஏளா, நம்மள ஊரு பூரா பாக்குல்லா" என்றாய். பிறகு கீழே எழுதியிருந்ததைக் காவ்யா படித்துவிட்டாள். உன் உடம்பைப் பற்றி, உன் நிறத்தைப் பற்றி, தாராவியில் இருப்பவர்கள் குளிப்பார்களா என்று. அவளுடைய வகுப்பு குரூப்பில் அந்த ஸ்டிக்கரை அனுப்பியவர்களுக்கு அது அவள் அம்மா என்று தெரியாது. அவளும் சொல்லவில்லை. அன்றிலிருந்து நீ ரேஷன் கடைக்குப் போவதை நிறுத்தினாய். அண்ணன்தான் போனான்.

நான் என்ன வேலை செய்கிறேன் என்று உனக்கு முழுசாகச் சொன்னதில்லை. கம்ப்யூட்டர் வேலை என்று சொல்லிவைத்திருந்தேன். சயானில் ரயில் ஏறி, தாணேயில் மாறி, ஒரு கண்ணாடிக் கட்டடத்துக்குப் போவேன். பெரிய கம்பெனி ஒன்றுக்காக ஒரு சின்ன கம்பெனி எடுத்துச் செய்கிற வேலை. வீடியோவைப் பற்றியும் கமெண்டைப் பற்றியும் ஜனங்கள் அனுப்புகிற புகார்கள் திரையில் வரும். இருக்கட்டும், எடு என்று இரண்டு பொத்தான். தமிழ்ப் புகார்கள் எங்கள் மேஜைக்கு வரும். அந்த மேஜையில் ஆட்கள் அதிகம் இல்லை.

நீ போனைப் பார்த்துப் பேசி, அதுவே எழுத்தாக மாற்றி அனுப்பிய புகார் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் என் திரைக்கு வந்தது. "இதுல இருக்கது நாந்தான். என்னைக் கேக்காம எடுத்திருக்கான். போட்டா முழுசாப் போடச் சொல்லுங்க, இல்லன்னா எடுங்க." படிக்கும்போதே உன் குரல் கேட்டது.

தெரிந்தவர்களின் புகார் வந்தால் எழுந்து டீம் லீடரிடம் சொல்ல வேண்டும், அதுதான் விதி. நான் எழவில்லை. ஏன் தெரியுமா? எங்கள் ஆபீஸ் குரூப்பிலும் உன் ஸ்டிக்கர் சுற்றிக்கொண்டிருந்தது. காலையில் காபி மெஷின் நின்றுபோனபோது ஒருத்தி அதைப் போட்டாள், எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இப்போது எழுந்து "இது என் மைனி" என்று சொல்ல வெட்கமாக இருந்தது. விதிப் பட்டியலின் முதல் பக்கத்தைப் பார்த்தேன். வயது வந்தவர், பொது இடம், ஆபாசம் இல்லை. "இருக்கட்டும்" என்று அழுத்தினேன். அடுத்த புகார் வந்தது.

சாயந்திரம் வீட்டுக்கு வந்தேன். இங்கிலீஷில் வந்திருந்த பதிலைக் காவ்யா உனக்குப் படித்துத் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தாள். உங்கள் புகாரைப் பரிசீலித்தோம், இது எங்கள் விதிகளை மீறவில்லை. நீ என்னைப் பார்த்துக் கேட்டாய், "ஏளா செம்பகம், இத யாரு பாத்தாவ? ஆளு பாத்தாவளா, மெஷினு பாத்துச்சா?"

"மெஷினா இருக்கும் மைனி" என்றேன்.

நீ உடனே நம்பிவிட்டாய். "அதான பாத்தேன். ஆளு பாத்தா இப்பிடிச் சொல்லுவாவளா" என்று சொல்லிவிட்டு எனக்குச் சோறு போட்டாய்.

நாலு மாதம் கழித்து ஒரு காலையில், துணி காயப்போட்டுக்கொண்டிருக்கும்போது, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாய். ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் முடிந்துவிட்டது. வீடியோதான் உன்னைக் கொன்றது என்று துக்கத்துக்கு வந்த சிலர் சொன்னார்கள். நான் மறுத்தேன், இப்போதும் மறுக்கிறேன். உனக்கு இருந்தது இதய நோய். அந்த எட்டு வினாடிக்கு உன் உயிர் அளவுக்குப் பெரிய இடத்தைக் கொடுக்க மாட்டேன். ஆனால் உன் கடைசி நாலு மாதத்தை அது கெடுத்தது. அதில் என் கையும் இருந்தது.

நாற்பது நாள் கழிந்து காவ்யாவை உட்காரவைத்துச் சொன்னேன். அவள் அழவில்லை. "அத்தை, பட்டன் நீதான் தபாயா? சச்மே?" என்று, நிஜமாகவே நான்தான் அழுத்தினேனா என்று, ஒருதடவை கேட்டாள். ஆமாம் என்றேன். அதற்குப் பிறகு ஒன்பது நாள் என்னோடு பேசவில்லை. ஒரே அறையில் ஒன்பது நாள் பேசாமல் இருப்பது எப்படி என்று உனக்குத் தெரியும், நீயே அண்ணனிடம் இருந்திருக்கிறாய். பத்தாம் நாள் உன் போனை எடுத்து வந்து என் மடியில் வைத்தாள். "மம்மியோட கம்ப்ளெய்ண்ட் நம்பர் இதுல இருக்கு. அப் தூ பதா, சொல்லு, இத திரும்ப ஓப்பன் பண்ண முடியுமா?"

முடியும் என்று கண்டுபிடித்தேன். விதிப் பட்டியலின் இரண்டாம் பக்கத்தைப் புரட்டிப் பார்த்தேன். வீடியோவில் இருப்பவர் சாதாரண ஆள், கேலி செய்வதற்காகப் போட்டது, அந்த ஆளே புகார் கொடுத்திருக்கிறார் என்றால் எடுக்க வேண்டும் என்று தெளிவாக இருந்தது. நான் மட்டும் பக்கத்தைத் திருப்பியிருந்தால்! இறந்தவருக்காக மற்றவர்கள் புதிதாகப் புகார் கொடுக்க முடியாது. ஆனால் நீ உயிரோடு இருந்தபோது உன் வாயால் சொன்ன புகார் அப்படியே இருந்தது.

டீம் லீடரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். சொந்தக்காரரின் புகாரை நானே பார்த்தேன், தப்பாகவும் பார்த்தேன். "யே தேரி பாபி ஹை?" என்றாள். ஆமாம், என் மைனிதான் என்றேன். எனக்கு எழுத்தில் எச்சரிக்கை கொடுத்தார்கள். உன் புகார் வேறு ஒரு குழுவுக்குப் போனது. ஆறாம் நாள் உன் போனுக்குச் செய்தி வந்தது. எடுத்துவிட்டோம்.

மைனி, நீ கொடுத்த புகார்தான் ஜெயித்தது. பிரதிகள் இன்னும் எங்கெங்கோ கிடக்கின்றன, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஆணிவேர் போய்விட்டது.

இதை வைத்து எனக்குச் சில விஷயங்கள் உறுதியாகத் தெரிந்துவிட்டன. யார் முன்னாலும் சொல்வேன். "பரிசீலித்தோம்" என்று பதில் வந்தால், பார்த்தது ஆளா ப்ரோகிராமா, எந்த விதிப்படி, மறுபடி யாரிடம் போவது என்பதையும் அதே பதிலில் எழுத வேண்டும். இதைச் செய்ய கம்பெனிகளுக்குத் தெரியாமல் இல்லை. யார் பார்த்தார்கள் என்று தெரியாமல் இருப்பது அவர்களுக்கு வசதி. எனக்கும் அன்றைக்கு வசதியாகத்தான் இருந்தது. தானாக மாறுவார்கள் என்று காத்திருப்பதில் அர்த்தமில்லை, சட்டம் போட்டுத்தான் மாற்ற வேண்டும். வெட்டி ஒட்டிய எட்டு வினாடியைப் பார்த்துச் சிரிக்கிற நாமும் யோக்கியமில்லை. அனுப்புவதற்கு முன்னால், இதற்கு முந்தின நிமிஷம் என்ன நடந்திருக்கும் என்று ஒருதடவை கேட்டுக்கொண்டால் போதும். வேலையை விட்டுவிடு என்று சிலர் சொல்கிறார்கள். விட மாட்டேன். அந்த நாற்காலியில் நம் பேச்சு தெரிந்த ஒருத்தி உட்கார்ந்திருக்க வேண்டும்.

காவ்யா அத்தோடு நிற்கவில்லை. வீடியோ எடுத்தவனைத் தேடிப் பிடித்தாள். முன்னால் நம் சந்தில் இருந்து இப்போது செம்பூருக்குக் குடிபோனவன், கல்யாணமாகி ஆபீஸ் போகிற ஆள். "முழுசாப் போட்டா யாரு பாப்பாங்க?" என்று கேட்டானாம். அவள், நான் பார்ப்பேன் என்றாளாம். நாலு நிமிஷத்தையும் அனுப்பிவிட்டான். மன்னிப்பும் கேட்டான், அது உனக்கு வேண்டுமோ என்னவோ.

அதை எடுத்துக்கொண்டு நாங்கள் மூன்று பேரும், அதாவது நான், காவ்யா, ஜைனப் லாத்தா, ரேஷன் அலுவலகத்தில் குறை கேட்கும் நாளில் போனோம். விரல் பொருந்தாவிட்டால் வேறு அடையாளம் பார்த்துக் கொடுக்கலாம் என்று விதியே இருக்கிறது. அதை மனுவில் எழுதியிருந்தேன். அதிகாரி வீடியோ தொடங்கியதும், "அரே, யே தோ மெஷின் கௌன்..." என்று சிரித்துவிட்டார். அவரும் உன் ஸ்டிக்கரைப் பார்த்திருந்தார்.

"சார், யே மேரி மம்மி ஹை" என்றாள் காவ்யா. "ப்ளீஸ், பூரா தேகியே."

அவர் சிரிப்பு நின்றது. முழுசாகப் பார்த்தார். நீ லாத்தாவின் கையைப் பிடித்து, ஒவ்வொரு விரலாகக் கடைக்காரனுக்குக் காட்டுகிற இடம் ஒன்று வருகிறது. எனக்கே அதுவரை தெரியாது. அந்த இடத்தில் அவர் வீடியோவை நிறுத்தி, லாத்தாவிடம் "ஹாத் திகாவோ" என்றார். லாத்தா இரண்டு கையையும் மேஜைமேல் விரித்து வைத்தாள். அவர் குனிந்து பார்த்தார்.

அன்றைக்கே கடைக்கு எழுத்தில் உத்தரவு போனது. விரல் பொருந்தாதவர்களை ஒரு நோட்டில் எழுதி, கார்டைப் பார்த்துக் கொடுக்க வேண்டும், யாரையும் திருப்பி அனுப்பக்கூடாது. மராத்தியிலும் இந்தியிலும் அறிவிப்பு ஒட்டினார்கள். தமிழில் எழுத ஆளில்லை என்றார்கள். நான் எழுதிக் கொடுத்தேன். லாத்தா அரிசிப் பையை வாங்கிக்கொண்டு நேராக நம் வீட்டுக்குத்தான் வந்தாள். "பேச்சி இருந்து இதப் பாத்திருக்கணும்ளா" என்றாள். அண்ணன் எழுந்து வெளியே போய்விட்டான்.

நீ இருந்து பார்க்காதது எனக்கு ஆறவே ஆறாது. உன்னிடம் நேரில் சொல்லி, நாலு திட்டு வாங்கியிருந்தால் போதும் என்று இருக்கிறது. என்ன திட்டியிருப்பாய்? திட்டி முடித்துவிட்டுச் சோறு போட்டிருப்பாயா?

காவ்யாவுக்குத் தமிழ் படிக்க வராது. அதனால் இதை நானே அவளுக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். ஓரிடத்தையும் விடவில்லை.

வருகிற சனிக்கிழமை சுனாபட்டியிலிருந்து மூன்று பெண்கள் வருகிறார்கள். அவர்கள் கடையிலும் இதே கதைதானாம். கூடப் போகிறேன். உன்னைப்போலச் சத்தம் போட எனக்கு வராது. ஆனால் அந்த மூன்று பேர் கையிலும் அரிசி வரும்வரை நாற்காலியை விட்டு எழ மாட்டேன், இது உனக்கு நான் கொடுக்கிற வாக்கு. யார் நீ என்று கேட்டால், சொல்வதற்கு இப்போது எனக்கு வெட்கமில்லை.

பேச்சியம்மாளின் நாத்தனார்,
செண்பகம்
தாராவி