இடப்பக்க மெத்தையைச் சுரண்டாதே

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நாங்கள் நலம் என்று தொடங்கக் கை வரவில்லை, நீயாவது நலமாக இரு. ஒர்க் ஷாப் நம்பரை விட்டால் உன்னைப் பிடிக்க வேறு போன் இல்லை, அதில் பேசினால் முதலாளி காதுக்குப் போய்விடும், அதனால்தான் லாரி டிரைவரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். அவர் வண்டியிலேயே ஒரு பழைய காரின் பானெட்டும் வருகிறது. நம் கம்பெனியின் உங்கள் ஊர்க் கிளையில் அதைச் சுரண்டிப் புதுப் பெயின்ட் அடிக்க வேண்டுமாம். அங்கே சுரண்டுகிற ஆள் நீதான். இதைப் படித்து முடிக்காமல் அதில் கை வைக்காதே கண்ணு.

உன் அப்பாவின் இரண்டு கையும் வெந்துவிட்டன. பதறாதே, உயிருக்கு ஒன்றுமில்லை. வலது கை விரல்கள் இனி மடங்குமா என்று கேட்டால் டாக்டர் குனிந்து சீட்டில் எதையோ எழுதுகிறார். சோற்றை நான்தான் ஊட்டுகிறேன், அதற்கு அவர் வெட்கப்படுகிறார். நடந்தது இதுதான். அறுபது வருஷத்துக் கார் ஒன்றை முழுசாகப் புதுப்பித்தார்கள். எஞ்சின் சூட்டையும் சத்தத்தையும் தடுக்க பானெட்டின் அடியில் மெத்தை ஒட்டுவது அப்பா வேலை. அவர் செய்வதை நீ பார்த்திருக்கிறாய், பழைய பசையைத் தகரம் தெரியும்வரை சுரண்டி, தின்னரால் துடைத்து, காகிதத்தில் அளவெடுத்து, பானெட்டின் தகரச் சட்டங்களுக்கு நடுவே உட்காரும்படி மெத்தையை வெட்டி, தகரத்திலும் மெத்தையிலும் பசை தடவி, விரலின் முதுகால் தொட்டால் ஒட்டாத பதம் வந்த பிறகுதான் நடுவிலிருந்து ஓரத்துக்கு அழுத்துவார். அப்புறம் ஒரு முழு நாள் பானெட் திறந்தே நிற்க வேண்டும். அன்றைக்கும் மூன்று மணிக்கு அப்படித்தான் முடித்திருக்கிறார். ஐந்து மணிக்கு சூப்பர்வைசர், நம் ஆட்கள் 'அவசரம்' என்று பட்டப்பெயர் வைத்திருக்கிறார்களே அந்த ஆள், கார்க்காரர் வந்துவிட்டார் என்று பானெட்டை மூடி எஞ்சினை ஓட்டச் சொல்லியிருக்கிறான். 'இன்னும் காயல சார், கழண்டு விழுந்துடும்' என்றாராம் அப்பா. 'பசை காயுதோ இல்லையோ, உன் வாய் மட்டும் காயவே மாட்டேங்குது' என்றானாம். நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்களாம்.

பத்து நிமிஷத்தில் வலப்பக்க மெத்தை பிரிந்து, கொதிக்கும் எக்ஸாஸ்ட் புகைக்குழாய்மேல் விழுந்து பற்றிக்கொண்டது. தீயணைக்கும் சிலிண்டரை எடுத்தால் காலி, முதலாளி அறை வாசலில் பளபளவென்று தொங்குமே, அதேதான். எட்டும் தூரத்தில் தின்னர் டின்கள், பக்கத்துக் காருக்கு அடியில் வெல்டர் படுத்திருக்கிறார். அப்பா வெறுங்கையால் அதை உருவி வெளியே எறிந்தார். அந்தக் கைகளுக்குத்தான் இப்போது கவனக்குறைவு என்று பெயர் வைக்கிறார்கள். 'சரியாக ஒட்டாதது என் தவறு' என்று அப்பா சொல்வதுபோல் அவர்களே எழுதி எடுத்துவந்து கட்டில்மேல் வைத்தார்கள், பேனா பிடிக்க முடியாததால் கைரேகை வேண்டுமாம். 'பெருவிரல் கட்டுக்குள்ள இருக்கு சார், கால் விரல் போதுமா' என்று அப்பா கேட்டார், எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. திங்கட்கிழமை கட்டுப் பிரிப்பார்கள், அன்று மறுபடி வருவார்களாம். ரேகை விழுந்தால் நஷ்டஈடு இல்லை, வேலை இல்லை, இந்தக் கம்பெனி வீடும் இல்லை. மூடச் சொன்னது நீதானே என்றால் சாட்சி எங்கே என்கிறான் 'அவசரம்'. அன்று சிரித்த ஒருவருக்கும் இன்று ஞாபகம் இல்லை. வெல்டர்கூட என்னைக் கண்டால் தலையைக் குனிந்துகொண்டு போகிறார். அவருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். எங்களை இப்படிக் குனிந்தே பழக வைத்தவர்கள்மேல்தான் எனக்கு வயிறு எரிகிறது.

ஆனால் சாட்சி இருக்கிறது. ஒவ்வொரு மெத்தைக்கு அடியிலும் நடுச் சட்டத்தை ஒட்டித் தீப்பெட்டி அளவு இடத்தைப் பசை தடவாமல் விட்டு, தகரத்தில் மார்க்கரால் தேதி, மணி, எப்போது மூடலாம் எல்லாம் எழுதுவார் அப்பா. யாருமே பார்க்கப் போவதில்லை, இதென்ன கிறுக்குத்தனம் என்று நானே கேலி செய்திருக்கிறேன். வலப்பக்கம் கருகிப்போச்சு. சூடு எட்டாத இடப்பக்க மெத்தை அப்படியே இருக்கிறது, அதன் அடியில் அந்த எழுத்தும் இருக்கிறது. ஐந்து மணிக்கு எஞ்சின் ஓடியதைப் பார்த்து கார்க்காரர் ரெஜிஸ்டரில் மணியையும் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் போதும், காயும் முன்பே மூடியது தெரிந்துவிடும். எழுத்து இருப்பது 'அவசர'த்துக்குத் தெரியாது, கருகல் யார் கண்ணிலும் படக்கூடாதென்றுதான் அந்த பானெட்டை அங்கே தள்ளிவிடுகிறான்.

உன் அறைத்தோழியிடம் கேமரா இருக்கிறது என்று எழுதியிருந்தாயே. மெத்தையைத் தூக்கி எழுத்து தெரியப் படம் பிடி, கூட இரண்டு பேரைப் பார்க்க வை. டிரைவர் சனிக்கிழமை திரும்புகிறார், அவரிடமே கொடு. உன் வேலை போகலாம், தெரிந்தேதான் கேட்கிறேன். அவளாவது நிம்மதியாக இருக்கட்டும், எழுதாதே என்று அப்பா என்னிடம் சத்தியம் வாங்கினார், மீறிவிட்டேன். பயமாக இருந்தால் சுரண்டிவிடு, எனக்கு வருத்தமில்லை என்று ஒரு வரி எழுதி அடித்திருக்கிறேன், காகிதத்தில் தெரியும். பொய் என்பதால் அடித்தேன். வருத்தப்படுவேன்.

நேரத்துக்குச் சாப்பிடு. முகமூடி இல்லாமல் சுரண்டாதே. யாருக்கும் தலை குனியாமல் நீ நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும். ஒன்று மறந்துவிட்டேன், மெத்தையைச் சட்டென்று இழுக்காதே, கிழியும். ஓரத்தில் சூடு காட்டி மெதுவாகத் தூக்கு. அப்பா ஒட்டியது, லேசில் வராது.

இப்படிக்கு,
உன் பதிலுக்காக வாசலையே பார்த்திருக்கும்
அம்மா