வீக்கத்தைச் சதை என்று நம்பினோம், அக்கா

என் உயிரான அக்காவுக்கு,

உன் மகள் மலர் நேற்று ஒரு முழு முட்டை சாப்பிட்டாள். அதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் முதலிலிருந்து சொன்னால்தான் உனக்குப் புரியும்.

மூன்று மாதத்துக்கு முன் அவளுக்கு மஞ்சள் காமாலை வந்தது. சிதம்பரத்தில் அவள் மாமியார் பத்தியம் வைத்தார். மீன், முட்டை, பருப்பு, பால் எதுவும் கிடையாது. இரண்டு வேளை கஞ்சி, மதியம் ரசம் சோறு. கண்ணில் மஞ்சள் போன பிறகும் பயத்தில் யாரும் பத்தியத்தை நிறுத்தவில்லை.

போன வாரம் கடலூரிலிருந்து பார்க்கப் போனேன். "பொண்ணு ஒடம்பு போட்டுட்டா, பாருங்க" என்றார் சம்பந்தியம்மா, சந்தோஷமாக. முகம் உப்பியிருந்தது. தோள் எலும்போ துருத்திக்கொண்டு நின்றது. கணுக்காலில் கட்டைவிரலை வைத்து அழுத்தினேன். விரலை எடுத்தும் குழி அப்படியே இருந்தது. உன் காலிலும் இதைப் பார்த்தவள்தானே நான்?

"ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன்" என்றேன்.

"அங்க போனா பத்தியத்த மாத்துவாங்க. திரும்பக் காமாலை வந்தா யாரு பாக்குறது?"

மலரும், "வேணாம் சித்தி, பயமா இருக்கு" என்றாள். மாப்பிள்ளைதான் எழுந்துபோய் ஆட்டோ பிடித்து வந்தார்.

சோதனையில் கல்லீரல் தேறியிருந்தது. சிறுநீரகத்திலும் குறையில்லை. ரத்தத்தில் அல்புமின் மட்டும் பாதிக்கு இறங்கியிருந்தது.

"ரத்தத்துல தண்ணியப் புடிச்சு வைக்கிற புரதம்மா அது" என்றார் டாக்டரம்மா. "சாப்பாட்டுல புரதம் இல்லன்னா ஒடம்பு தன்னோட சதையக் கரைச்சு சமாளிக்கும். அதுவும் பத்தலன்னா அல்புமின் கொறஞ்சு, தண்ணி வெளிய கசிஞ்சு கால்ல எறங்கிடும். கிருமியோட சண்ட போடவும் புரதம் வேணும். இப்ப சின்னக் காயம் பட்டாக்கூட ஆறாது."

உன் காலில் குத்திய மீன் முள் ஞாபகம் வந்தது. அந்தக் காயம் சீழ் வைத்து, கிருமி ரத்தம் முழுக்கப் பரவி, நீ போய்ச் சேர்ந்தாய். விதி என்றுதானே எல்லோரும் அழுதோம்?

வீடு திரும்பியதும் முட்டை அவித்து மலர் முன்னால் வைத்தேன். சம்பந்தியம்மா தட்டை நகர்த்தினார். "இவ அம்மாவும் காமாலைக்கு அப்புறந்தான போனாங்க? நீங்க பத்தியம் சரியா வைக்கல."

"சரியாத்தான் வச்சேன்!" என்று கத்திவிட்டேன். "நான்தான் வச்சேன். ஒரே ஒரு துண்டு மீனு குடுடின்னு எங்கக்கா அழுதுச்சு. சட்டிய மூடி எடுத்துட்டுப் போயிட்டேன்."

மலர் என்னையே பார்த்தாள். இத்தனை வருஷம் அவளிடம் நான் சொல்லாதது அது. கொஞ்ச நேரம் கழித்து, சம்பந்தியம்மாவே முட்டையை உரித்து அவள் கையில் கொடுத்தார். முதல் நாள் ஒரு வாய்தான் இறங்கியது.

வீக்கம் வடிய வாரக்கணக்காகுமாம். மலர் சாப்பிடுகிறாள். ஆனால் அன்றிலிருந்து என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. நான் உள்ளே நுழைந்தால் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்கிறாள். நீ இருந்திருந்தால் என்னைத் திட்டியிருப்பாயா, அவளைச் சமாதானம் செய்திருப்பாயா?

அவள் பேசாவிட்டாலும், காலை மீன் வியாபாரம் முடிந்ததும் தினமும் சிதம்பரம் பஸ் ஏறுவேன் அக்கா. அவள் ரத்தம் தேறுகிறவரை போவேன், அதற்குப் பிறகும் போவேன். ஒருநாள் திரும்பி உட்கார்ந்து என்னைக் கேள்வி கேட்பாள். அன்றைக்கு எதையும் மறைக்க மாட்டேன்.

உன்னைப் பட்டினி போட்ட உன் தங்கை,
மலருக்குச் சித்தி.