கம்பைக் கண்டால் உட்காரும் நாய்

தேயிலைத் தோட்டத்து லயத்தில், என் ஒற்றை அறைக் காம்பரா முழுக்க இப்போது சீழ் நாற்றமும் மருந்து நாற்றமும்தான். கட்டிலுக்கு அடியில் ஒரு நாய்க்குட்டி கிடக்கிறது. முதுகுத் தோல் பாதி இல்லை. வாசலில் பேண்டுவிட்டது என்று, கடைசிக் காம்பரா கங்காணி கொதிக்கிற கேத்தலைத் தூக்கி அதன்மேல் ஊற்றினார். ஈர மயிரும் தோலும் சேர்ந்து வெந்த நாற்றம் லயம் முழுக்க அடித்தது. "இப்புடி ஒருக்கா குடுத்தாத்தான் நாய்க்கு புத்தி வரும்" என்றவர், கேத்தலில் மிச்சமிருந்த தண்ணீரில் தேத்தண்ணி ஊற்றி அங்கேயே நின்று குடித்தார். நான் குட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். ஹட்டனில் மிருக வைத்தியரிடம் காட்டினேன், பிழைத்துவிடும் என்றார். இப்போது கேத்தலைப் பார்த்தாலே அது ஒன்றுக்குப் போய்விடுகிறது. பச்சைத் தண்ணீர் ஊற்றிய கேத்தலைத் தூரத்தில் வைத்து, அது தெரியும்போதெல்லாம் ரொட்டி கொடுக்கிறேன். நீ செய்த மாதிரியே.

அதே கங்காணிதான். உன் நாய் டைகரைக் கெடுத்தவரும் அவர்தான்.

கொழும்பில் வீட்டு வேலையை விட்டுவிட்டு நீ லயத்துக்குத் திரும்பிய வருசம், நோட்டன் பிரிட்ஜ் பாதையில் கிடந்தது என்று டைகரைத் தூக்கி வந்தாய். அப்போது அது யாரையும் பார்த்துக் குரைக்காத குட்டி. உன் வாசலைத் தாண்டும்போதெல்லாம் கங்காணி கையிலிருந்த கம்பால் அதற்கு ஒன்று போட்டுவிட்டுப் போவார். காரணம் ஒன்றும் இருக்காது. வளர்ந்ததும் அது ஓடுவதை நிறுத்திவிட்டது. கம்போடு யார் வந்தாலும் பாய்ந்தது. ஒருநாள் கங்காணியின் காற்சட்டையைக் கிழித்தது. தீபாவளிக்குள் நாய் அடங்காவிட்டால் சாக்கில் கட்டி ஆற்றில் போடுவேன் என்று அவர் காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்களத்தில் எல்லார் முன்னாலும் சொன்னார்.

லயத்தில் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். பட்டினி போடு என்றார்கள், மூக்கில் மிளகாய்த்தூள் தேய் என்றார்கள், அகப்பையைக் காய்ச்சி மூஞ்சியில் வை என்றார்கள். சமையல் குறிப்புச் சொல்வதைப் போலச் சொன்னார்கள். சொன்னவர்கள் எல்லாரும் நமக்கு வேண்டியவர்கள்தான். அவர்கள் கொடுத்த பலகாரத்தை அந்தத் தீபாவளிக்கு என்னால் வாயில் வைக்க முடியவில்லை.

நீ கொழும்பு வீட்டில் பார்த்ததைச் சொன்னாய். நாயைப் பழக்க அங்கே ஒருவர் வருவாராம். அடியே கிடையாதாம். நல்லதாக ஏதாவது செய்தால் உடனே வாயில் இறைச்சித் துண்டு. அந்த இறைச்சியை அவித்துக் கொடுத்தது நீ. உனக்குக் கிடைத்தது நேற்றைய பருப்பு.

"அந்த வீட்டுல நாய ஒரு வார்த்த வைய மாட்டாங்க புள்ள. என்னையத்தான் வைவாங்க."

சொல்லிவிட்டுச் சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த வீட்டு ஆட்களைக் கண்ணால் பார்க்காமலே அருவருத்தேன். அதற்கு நாய் என்ன செய்யும் என்று கேட்டாய்.

கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்ததும் பின்னேரங்களில் நாம் தொடங்கினோம். மரக்கறித் தோட்டம் முடியும் வளைவில் நான் கம்பைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நிற்க வேண்டும். டைகர் என்னைக் கண்டதும், உறுமுவதற்கு முன்னால், நீ தேங்காய் ரொட்டியைப் பிய்த்து அதன் வாயில் வைப்பாய். நான் மறைந்ததும் ரொட்டியும் நின்றுவிடும். அது உறுமினால் நீ அதட்டமாட்டாய். இன்னும் தள்ளிப் போகச் சொல்லி எனக்குக் கையைக் காட்டுவாய். தூரத்தில் நின்றபோது ஒருமுறை அது மெதுவாக உறுமியது. அப்போதும் நீ ரொட்டி கொடுத்ததைப் பார்த்து, கடிக்க வருகிற நாய்க்குத் தீனியா என்று கேட்டேன்.

"கடிக்கிறதுக்கு இல்ல புள்ள. கம்பு தெரிஞ்சா நல்லது வரும்னு அதுக்கு தெரியணும். உறுமுனதுக்கு அடிச்சா, உறுமாமயே கடிக்க பழகிக்கும்."

மழையில் காலெல்லாம் அட்டை ஏற நான் அங்கே நின்றிருக்கிறேன். நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டே வந்தேன். ஒரு பின்னேரம் கம்பைக் கண்டதும் டைகர் தானாகவே உட்கார்ந்து உன் முகத்தைப் பார்த்தது. "சரி" என்று சொல்லி, கையிலிருந்த ரொட்டி முழுவதையும் கொடுத்தாய். அதற்குப் பிறகு நான் கம்பை ஆட்டிக்கொண்டு பக்கத்தில் நடந்தாலும் அது உட்கார்ந்துகொண்டது.

தீபாவளிக்கு முன்னால் கங்காணி சோதித்துப் பார்க்க வந்தார். கம்பை ஓங்கினார். டைகர் உட்கார்ந்தது. அவர் முகம் எப்படிப் போனது என்று உனக்குத் தெரியும். ஒரு நாய் கடிக்கவில்லையே என்று ஏமாந்துபோன மனிதனை அன்றைக்குத்தான் பார்த்தேன். கம்பு நுனியால் அதன் விலாவில் குத்தினார். அப்போதும் அது உன்னைத்தான் பார்த்தது. நீ நடுவில் போய் நின்றாய்.

"கம்ப கீழ போடுங்க கங்காணி. நாய் பழகிருச்சு. இனி நீங்கதான் பழகணும்."

வாயில் வந்த கெட்ட வார்த்தையெல்லாம் சொல்லிவிட்டுப் போனார்.

பிறகு அந்தக் குளவிக் கூடு கலைந்தது. மேல்மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தவர்கள் கூடையைப் போட்டுவிட்டு ஓடினோம். நீ தண்ணீர் ஓடும் கானில் விழுந்தாய், குளவிகள் உன்னை மொய்த்துக்கொண்டன. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

உன் கருமாதிக்குக் கங்காணியும் வந்தார், கம்போடு. வாசலில் படுத்திருந்த டைகர் எழுந்தது. கம்பைக் கண்டதும் உட்கார்ந்து, உன்னைத் தேடி உள்ளே பார்த்தது. அவர் சனத்தைப் பார்த்துப் பெருமையாகச் சொன்னார்:

"பாத்தீங்களா, நான் போட்ட அடிய இன்னும் மறக்கல."

ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்கள். நாம் மழையில் நின்றதைத் தினமும் இஸ்தோப்புத் திண்ணையிலிருந்து பார்த்தவர்களே தலையாட்டினார்கள். பந்தியிலிருந்து ஒரு வடையை எடுத்துப் பிய்த்து டைகர் வாயில் வைத்தேன். அது வாலை ஆட்டியது.

"பயந்த நாய் வாலாட்டுமா கங்காணி?" என்று கேட்டேன்.

செத்த வீட்டில் பொம்பளைக்கு வாயைப் பார் என்றார். இலை போட்டார்கள், அவர் உட்கார்ந்து உன் பேரில் சமைத்ததை இரண்டாம் தரமும் வாங்கிச் சாப்பிட்டார். டைகரை நான் கூட்டிக்கொண்டு வந்தேன். வயதாகி, போன மழைக்காலத்தில் அது போய்ச் சேர்ந்தது. கடைசிவரைக்கும் யாரையும் கடிக்கவில்லை.

இன்றைக்கும் பெரட்டில் பேர் கூப்பிடுகிறவர் அவர்தான். நான் முகத்தைப் பார்க்காமல் பதில் சொல்கிறேன். அடி வாங்கியே வளர்ந்த மனிதன், அவருக்கு வேறு என்ன தெரியும் என்று டைகரைப் பழக்கிய நாளிலேயே நீ சொன்னாய். உன் பொறுமையில் நாய்க்கு வேண்டியது என்னிடம் வந்து சேர்ந்திருக்கிறது. மனிதருக்கென்று நீ வைத்திருந்த பொறுமை வரவில்லை. அது வர வேண்டும் என்றும் எனக்கு ஆசையில்லை, புள்ள.