ஒரு கை தூரம் பின்னால்

பிப்ரவரி 3

ஆபீஸில் எனக்குப் புதுப் பெயர் வைத்திருக்கிறார்கள். மூடியம்மா.

படம் எடுக்கும் அறை அலமாரியில், பழைய வெள்ளைத் துணிகளுக்கு அடியில் ஒரு கேமரா வெகுகாலமாகக் கிடந்தது. டிஜிட்டல்தான், ஆனால் நான் பள்ளிக்கூடத்தில் இருந்தபோது வந்தது. ரேஞ்ச்ஃபைண்டர் என்பார்கள். எடுத்துக்கொள்ளட்டுமா என்று மேடத்திடம் கேட்கவே எனக்கு ஒரு வாரம் ஆனது. அவர் தலையைக்கூடத் திருப்பவில்லை. கதவுக்கு முட்டுக் கொடுக்கத்தான் ஆகும், கொண்டுபோ என்றார்.

மத்தியானம் சாப்பிட்ட கையோடு தெருவுக்குப் போனேன். தராசைத் துடைக்கும் பழக்கடைக்காரர், மதில் மேல் பூனை, ஒரே குடையில் தோள் இடித்துக்கொண்டு போன இரண்டு பேர். ஆசை தீர எடுத்தேன். திரும்பி வந்து பார்த்தால் எல்லாம் கறுப்பு. லென்ஸ் மூடியைக் கழற்றவே இல்லை.

மற்ற கேமராவில் மூடி இருந்தால் பார்க்கும்போதே இருட்டாகத் தெரியும். இதில் லென்ஸ் வழியாகப் பார்ப்பதில்லை. மூலையில் தனியாக ஒரு சின்ன ஜன்னல். லென்ஸ் மூடியிருந்தாலும் ஜன்னலில் உலகம் பளிச்சென்று தெரியும். எங்கள் அறையில் விளக்குகளைப் பார்த்துக்கொள்பவர், எல்லோருக்கும் லைட்டண்ணன், மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார்.

"நடுப்பகல்ல ராத்திரியைப் பிடிச்சுட்டு வந்திருக்கியே, மூடியம்மா!"

எனக்கும் சிரிப்புத்தான். வெளியே காட்டவில்லை.

பிப்ரவரி 5

லைட்டண்ணன் இன்றும் விடவில்லை. புதுக் கேமரா ஆளின் கண்ணைத் தானே தேடிப் பிடிக்கிறது, இதில் வளையத்தைக் கையால் திருகிக்கொண்டே இருக்க வேண்டும். வெளிச்சம் குறைந்தால் படத்தில் மணல் அள்ளிக் கொட்டினது போல இருக்கிறது. பாட்டரி அரை மணி நேரம் தாங்கினால் அதிசயம். பின்பக்கத் திரை தீப்பெட்டி அளவு. அதில் எல்லாப் படமும் நன்றாகத்தான் தெரியும். இதை எதற்குத் தூக்கிக்கொண்டு அலைகிறாய் என்கிறார்.

அவர் சொல்வதில் ஒன்றும் தப்பில்லை. நாள் முழுக்க நாங்கள் எடுப்பது விற்பனைக்கு வரும் வாணலி, கைப்பை, தலையணை உறை. அதற்குப் புதுக் கேமராதான் சரி. வாணலி கேமராவைப் பார்த்து விறைத்துக்கொள்ளாது.

அப்பா விறைத்துக்கொள்வார். இதை லைட்டண்ணனிடம் எப்படிச் சொல்வது?

பிப்ரவரி 9

அப்பா வருகிறார். லீவு உறுதியாகிவிட்டது.

அப்பா தூரத்துத் துறைமுகம் ஒன்றில் கிரேன் ஓட்டுகிறார். நான் இரண்டாம் வகுப்பு படிக்கும்போது போனவர். இடையிடையே வருவார், வீடு பழகுவதற்குள் பெட்டியைக் கட்டுவார். எனக்கு அப்பா என்றால் பெரும்பாலும் ஒரு குரல். அந்தக் குரல் இருமினால் உடம்பு சரியில்லை, பாடினால் சம்பளம் வந்துவிட்டது.

வீட்டில் இருக்கும் அவருடைய படங்கள் எல்லாம் ஒன்றுபோல இருக்கும். ஃபோனை உயர்த்தினால் போதும், வயிற்றை உள்ளே இழுத்து, கைகளைத் தொடையோடு ஒட்டி, பாஸ்போர்ட் ஆபீஸில் நிற்பதுபோல நிற்பார். அவர் போன பிறகு அந்தப் படங்களைப் பார்த்தால் யாரோ மாதிரி இருக்கிறது.

அவர் அவராகவே இருக்கிற ஒரு படம் வேண்டும். ஒன்று போதும்.

இந்தக் கேமரா சின்னது, சத்தம் குறைவு. முக்கியமாக, என் முகத்தை முழுதாக மறைக்காது. ஒரு கண் ஜன்னலில், இன்னொரு கண் திறந்தபடி அவரையே பார்க்கலாம். அவரும் என்னைப் பார்க்கலாம். மறந்துவிடுவார் என்று ஒரு நம்பிக்கை.

பிப்ரவரி 12

அப்பாவை மறுபடி மூன்று வருடத்துக்கு ஒப்பந்தம் போடச் சொல்கிறார்களாம். லீவு முடிந்து போனதும் மார்ச் கடைசிக்குள் கையெழுத்துப் போட வேண்டும்.

அம்மா சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறாள். வீட்டுக்கு வந்தால் எங்கள் துணிக்கும் போடுவாள், கை சும்மா இருக்காது. அப்பா இங்கேயே இருந்துவிட்டால் என்ன என்று கேட்டேன். நிமிரவே இல்லை.

"போகட்டும். இங்க இருந்து என்ன பண்ணப் போறாரு. அவருக்கு அங்கதான் பழகிடுச்சு."

இஸ்திரிப் பெட்டி அதே மடிப்பின் மேல் மறுபடி மறுபடி போய்வந்தது.

எங்கள் குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கினவள் நான். ஆங்கிலத்தில் மேடை ஏறிப் பேசிப் பரிசுகூட வாங்கியிருக்கிறேன். 'போகாதீங்கப்பா' என்று ஒற்றை வார்த்தை சொல்ல வரவில்லை. இத்தனை வருடமாக.

பிப்ரவரி 15

பயிற்சி. ஜன்னலின் நடுவில் ஒரு சின்ன வெளிச்சக் கட்டம் இருக்கிறது. அதற்குள் எதுவும் இரண்டு இரண்டாகத் தெரியும்: இரண்டு ஜன்னல் கம்பி, இரண்டு டம்ளர். வளையத்தைத் திருகத் திருக இரண்டும் நெருங்கி ஒன்றின்மேல் ஒன்று உட்காரும். உட்கார்ந்த தூரத்தில் இருப்பதுதான் படத்தில் தெளிவாக விழும். முன்னும் பின்னும் கலங்கிவிடும். ஒரு நேரத்தில் ஒரு தூரம்தான் இதற்குத் தெரியும்.

அம்மாவை வைத்துப் பழகலாம் என்று பார்த்தேன். தலையணை உறையால் முகத்தை மூடிக்கொண்டாள். "என்னை எதுக்குடி. அந்தப் பக்கம் போ, உங்கப்பா வந்ததும் அவரை எடு."

அம்மாவின் படம் என்று எங்களிடம் இருப்பது அடையாள அட்டையில் மட்டும்தான். அதிலும் யாரோ திட்டினது போன்ற முகம்.

பிப்ரவரி 20

பஸ்ஸில் நெரிசல். பை கம்பியில் நன்றாக மோதியது. உயிரே போய்விட்டது. இறங்கியதும் எடுத்துப் பார்த்தேன். கீறல் இல்லை. கட்டத்துக்குள் இரண்டும் அழகாக ஒன்று சேர்கிறது. தப்பித்தோம்.

பிப்ரவரி 21

அப்பா வந்துவிட்டார். மெலிந்திருக்கிறார். காதோரம் முழுக்க நரை. ஃபோனில் நரை தெரியவே இல்லை.

பிப்ரவரி 24

அப்பாவிடம் கேமராவைக் கொடுத்தேன். மூடிக் கதையையும் சொன்னேன். அவர் சிரித்ததில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. பிறகு ஜன்னலில் கண்ணை வைத்தவர் எடுக்கவே இல்லை. கதவு, விளக்கு, எதிர்வீட்டு மாடியில் காயும் சட்டை என்று வளையத்தைத் திருகித் திருகிச் சேர்த்தார். என்னைவிட வேகம்.

"இது நம்ம வேலைம்மா. உசரத்துல இருந்து பாத்து, கீழ இருக்கிற பெட்டி மேல இந்தப் பெட்டியை மில்லி பிசகாம உக்கார வைக்கணும். அதேதான்."

மேலே இருந்து பார்த்தால் ஆட்கள் எப்படித் தெரிவார்கள் என்று கேட்டேன். தொப்பி மட்டும் தெரியும் என்றார். யாருக்கும் முகம் கிடையாது.

அப்போது அம்மா பின்னால் துண்டை மடித்துக்கொண்டு நின்றாள்.

பிப்ரவரி 28

லீவு போட்டுவிட்டு வீட்டிலேயே இருக்கிறேன். எடுக்கிறேன், எடுக்கிறேன், பாட்டரி தீர்ந்தால் சார்ஜில் மாட்டிவிட்டுக் காத்திருந்து மறுபடி எடுக்கிறேன். சமையலறைக் குழாயைப் பிரித்துப்போட்டு அதோடு சண்டை போட்டார். வாசல் வெளிச்சத்தில் கண்ணாடியைச் சாய்த்துவைத்து ஷேவ் செய்தார். சாப்பிடும்போது கிரேனில் கூடு கட்டிய புறாவின் கதையைச் சொல்லித் தானே முதலில் சிரித்தார். கேமராவை மறந்தே போனார்!

கட்டத்துக்குள் இரண்டு அப்பா. திருகினால் ஒரு அப்பா.

வீட்டில் கணினி கிடையாது. ஆபீஸில்தான் பெரிதாகப் பார்க்க வேண்டும். தீப்பெட்டித் திரையில் நன்றாகத்தான் இருக்கிறது.

மார்ச் 6

சாப்பாட்டு நேரத்தில் ஒப்பந்தப் பேச்சு வந்தது. போட்டுடவா என்று தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார் அப்பா. உங்க இஷ்டம், போய்ட்டுத்தான் வாங்களேன் என்றாள் அம்மா. சரி என்றார். அவ்வளவுதான். மூன்று வருடம் முடிவாகிவிட்டது, தண்ணீர் குடிக்கும் நேரத்தில்.

நான் வாயில் இருந்ததை மென்றுகொண்டே இருந்தேன்.

மார்ச் 12

போய்விட்டார். குழாய் ஒழுகவில்லை.

மார்ச் 14

எல்லாம் போச்சு.

எல்லாமே. ஆபீஸ் திரையில் பெரிதாக்கினால் ஒன்றில்கூட அப்பா தெளிவாக இல்லை. முகம் கலங்கி, கண் கரைந்து, தண்ணிக்குள்ள இருக்கிற ஆள் மாதிரி. அந்தப் பஸ் கம்பிதான். ஜன்னலில் ஒன்று சேர்ந்தது, லென்ஸில் சேரவில்லை. நல்லா இடிச்சுட்டு, ஒன்னும் ஆகலைன்னு நானே சொல்லிக்கிட்டேன். வாணலியை அவ்வளவு சுத்தமா எடுக்கத் தெரியுது, பெத்த அப்பாவை எடுக்கத் தெரியலை. ஃபோன்லயே எடுத்திருந்தா விறைப்பா நின்னாலும் முகமாவது இருந்திருக்கும். இனி மூணு வருஷம் கழிச்சு. அதுக்குள்ள இன்னும் எவ்வளவு நரைக்கும்?

லைட்டண்ணன் வந்து எட்டிப் பார்த்தார். கிண்டல் செய்வார் என்று நினைத்தேன். டீ வாங்கிவந்து வைத்துவிட்டுப் போனார். அதற்குத்தான் அழுகை வந்தது.

மார்ச் 15

லைட்டண்ணன் இன்று என் நாற்காலியை இழுத்துப் போட்டு, "வா, மறுபடி பாரு. நேத்து நீ ஒரே ஆளைத்தான் தேடுன" என்றார்.

பார்த்தேன்.

ஃபோக்கஸ் எங்கும் தொலைந்துபோகவில்லை. ஒரு கை தூரம் பின்னால் போய் விழுந்திருக்கிறது. அங்கே அம்மா.

குழாயோடு சண்டை போடும் அப்பா கலங்கலாக. பின்னால் நிலைப்படியில் சாய்ந்து அம்மா, இமை முடி வரை தெளிவாக. ஷேவ் செய்யும் அப்பா கலங்கலாக; பின்னால் துண்டோடு அம்மா. புறாக் கதையில் அப்பா வாய் விட்டுச் சிரிக்கிறார், அவர் தோளுக்குப் பின்னால் அம்மா, கையில் கரண்டி, பரிமாற வந்தவள் அப்படியே நின்றுவிட்டிருக்கிறாள். எல்லாப் படத்திலும் அவரைத்தான் பார்க்கிறாள். முதுகை, பிடரியை, அந்தக் காதோரத்து நரையை. அவர் திரும்பினால் தரையைப் பார்த்துவிடுவாள் போலிருக்கிறது. அவர் திரும்பவே இல்லை.

நான் எத்தனை நாள் அதே அறையில் இருந்தேன். இதைப் பார்க்கவில்லை.

போய்ட்டு வாங்க என்று சொன்னது இந்த முகமா?

மார்ச் 17

படங்களை ஃபோனில் ஏற்றிவந்து அம்மாவிடம் காட்டினேன். ஃபோனை வாங்கித் தள்ளிப் பிடித்து, கிட்டப் பிடித்து, வெகுநேரம் பார்த்தாள்.

"நான் இப்படியா பாக்குறேன்?"

ஆமாம் என்றேன். ஃபோனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு இஸ்திரி போடப் போய்விட்டாள். நாலு சட்டை முடிந்த பிறகு, சுவரிடம் சொல்வதுபோலச் சொன்னாள்: "அழிச்சுடாத."

அனுப்பட்டுமா என்று நான் கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்பாள். புறாக் கதைப் படத்தை மட்டும் அப்பாவுக்கு அனுப்பினேன். கூட என்ன எழுதுவது என்று தெரியவில்லை. எழுதி எழுதி அழித்து, கடைசியில் வெறும் படம்.

மார்ச் 19

அப்பா பேசினார். என் மூஞ்சியைப் பஞ்சு மிட்டாய் ஆக்கிட்டியே என்று ஆரம்பித்தார். நான் பதில் சொல்வதற்குள், அம்மாகிட்ட குடு என்றார்.

அம்மா வழக்கமாக ஃபோனில் இரண்டே கேள்வி கேட்பாள்: சாப்பிட்டீங்களா, உடம்பு எப்படி இருக்கு. பிறகு ஃபோன் என் கைக்கு வந்துவிடும். இன்று வாங்கிக்கொண்டு பால்கனிக்குப் போனாள். கதவைச் சாத்தவில்லை. வெகுநேரம் கேட்டுக்கொண்டே நின்றாள். பிறகு அவள் குரல், கொஞ்சம் கோபமாக:

"எனக்கு என்னங்க தெரியும்? நீங்க போகணும்னு நினைக்கிறீங்கன்னு நான் நினைச்சேன்."

மூக்கை உறிஞ்சினாள். துணி தீய்ந்த வாசனை வந்தது. இஸ்திரிப் பெட்டியை அப்படியே வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். அவள் வாழ்க்கையிலேயே முதல் தடவையாக இருக்கும். என் சட்டைதான்.

மார்ச் 24

கேமராவைப் பழுதுபார்க்கக் கொடுத்தேன். உள்ளே ஒரு சின்னச் சக்கரம் மயிரிழை நகர்ந்திருக்கிறதாம். கடைக்காரர் இதையெல்லாம் இன்னும் வைத்திருக்கிறீர்களே, புதுசா வாங்கிடலாமேம்மா என்றார். சரி செய்து கொடுங்கள் என்றேன். என் குரல் எனக்கே கேட்கும்படி இருந்தது.

மார்ச் 31

இன்றோடு கெடு முடிகிறது. அப்பாவிடமிருந்து ஒன்றும் இல்லை. அம்மா இரண்டு தடவை ஃபோனை எடுத்துத் துடைத்து வைத்தாள்.

மே 18

காலையில் கேமராவை எடுத்தேன். வாசலோரம் நல்ல வெளிச்சம். அப்பா கையெழுத்துப் போடவில்லை; குளியலறைக் குவளையில் மூன்றாவது பிரஷ் வந்து ஒரு வாரம் ஆகிறது. கிரேன் கையுறைகளை அம்மா துவைத்துக் கொடியில் போட்டிருந்தாள், இனி எதற்கென்று தெரியாமலே.

அப்பா நாற்காலியில் உட்கார்ந்ததும் வயிற்றை இழுத்துக்கொண்டார். பாஸ்போர்ட் முகம். இருக்கட்டும், அவசரம் இல்லை. அம்மா பழக்கம்போல அவருக்குப் பின்னால் போய் நின்றாள்.

"அம்மா, பின்னால நிக்காத. அப்பா பக்கத்துல வந்து உக்காரு."

"எதுக்குடி?"

"இதுக்கு ஒரு தூரம்தான் தெரியும்."

ஏதோ முணுமுணுத்துக்கொண்டே முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கட்டத்துக்குள் இரண்டு அம்மா, இரண்டு அப்பா. திருகினேன். இருவரும் ஒன்றாகவே சேர்ந்தார்கள். அழுத்தினேன்.

"மூடியைக் கழட்டிட்டியா?" என்றார் அப்பா.

கழற்றவில்லை.

அம்மா சிரித்த சிரிப்பில் முக்காலி ஆடியது. விழுந்துவிடாமல் இருக்க இரண்டு கையாலும் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். முகத்தை மூட அவளுக்குக் கை மிச்சமில்லை. நான் மூடியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டேன்.